சொல்லாமல் ராக்கெட் ஏறியவன்

படம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பாதிக்கு மேல் நான் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரையன் அழுகிற ஆள் இல்லை. தன் அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போதுகூட வாசலில் நின்று கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு ராக்கெட் படத்துக்கு மூக்கை உறிஞ்சினால் எனக்குச் சந்தேகம் வருமா, வராதா?

செங் என்கிற எங்கள் ஊரின் ஜெபக்குழுவில் ஆறு பேர் சேர்ந்து மலாக்கா டவுனுக்குப் போய்ப் பார்த்த படம் அது. கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த விண்வெளிப் படம் என்று ஒரே பேச்சு. பூமியில் தண்ணீர் வற்றிவிடுகிறது. தண்ணீர் தேடி எங்கேயோ இருக்கிற ஒரு நிலவுக்கு ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் பெண்டாட்டியிடம் வெளியூரில் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டு ராக்கெட் ஏறிவிடுகிறான். பூமியைத் தாண்டிய பிறகுதான் ரேடியோவில் உண்மையைச் சொல்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே போய் வாங்க என்கிறாள்.

முடிந்ததும் பக்கத்திலிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம்.

“காச வாங்கிட்டுத் தூங்க வச்சிட்டானுங்க லா. மூணு மணி நேரமா இருட்டுல மிதக்கிறானுங்க, ஒரு பைட்டு உண்டா?” என்றான் என் கொழுந்தன் ரெஜினால்ட்.

“உனக்கு பைட்டு இல்லன்னா படமே இல்ல,” என்றாள் அவன் பெண்டாட்டி எலைன். “கடைசி சீன்ல நான் ஒரு பாக்கெட் டிஷ்யூவ முடிச்சிட்டேன். அந்தப் பொண்ணு எவ்ளோ ஸ்ட்ராங் பாத்தீங்களா?”

குழுத் தலைவர் அந்தோணிராஜ் அங்கிளுக்கு வேறு குறை. “ராக்கெட்டெல்லாம் அழகா செஞ்சிருக்கான். ஆனா அவ்ளோ தூரம் போறவன் ஒரு தடவகூட ஜெபம் பண்ணல.” அவர் மனைவி பிரிஜிட் ஆண்ட்டி, ராக்கெட் சத்தத்தில் தன் காதே போய்விட்டது என்றார்.

“பெண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டுப் போறவன் ஹீரோவாம்,” என்றேன் நான். “நானா இருந்தா ரேடியோவ ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படுத்திருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரையன் மட்டும் தே தாரிக் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“சொன்னா விட்டிருப்பாளா?” என்றார்.

“விடமாட்டாள்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டானா?”

பிரிஜிட் ஆண்ட்டி ரையன் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தார். அதையும் நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். போன் வந்தால் கேட்டுக்கு வெளியே போய்ப் பேசுகிறார். யாரது என்றால் பேக்டரி சூப்பர்வைசர் என்கிறார். சூப்பர்வைசரிடம் யார் அவ்வளவு இங்கிலீஷ் பேசுவது? காரின் பின்பக்க டிக்கியைத் திறந்தால் உள்ளே தடியாக ஒரு புது ஜாக்கெட். கேட்டதற்கு, சினிமா ஹாலில் குளிருதாம். வீட்டுக்குள் காற்றாடி போட்டும் வேர்த்துக் கொட்டுகிற ஊரில் எனக்கே கதை விடுகிறார். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எவளோ ஆபீஸ்காரி, இங்கிலீஷ்காரி, குளுகுளு ஏர்கோன் ரூமில் உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்காக என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகப் போகிறார். சமைக்கும்போதும் அதே நினைப்பு, துணி காயப்போடும்போதும் அதே நினைப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபம் எங்கள் வீட்டில். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பெரிய சட்டி மீஹூன் நூடுல்ஸ் கிண்டி வைத்திருந்தேன். ஜெபமாலை முடிந்ததும், வழக்கம்போல ஒவ்வொருவராக வாய்விட்டு மன்றாட வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டால் அதே கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி நன்றி சொல்லியாக வேண்டும். பிரிஜிட் ஆண்ட்டி அதில் ரொம்பக் கண்டிப்பு. நன்றி சொல்லாமல் விட்டால் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்பார்.

ரெஜினால்ட் தன் முதுகுவலிக்காக வேண்டினான். எலைன் தங்கச்சியின் பரீட்சைக்காக வேண்டினாள். அடுத்தது பிரிஜிட் ஆண்ட்டி. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஆண்டவரே, இத்தன நாளா நான் நவநாள் இருந்து வேண்டிக்கிட்டபடியே, எங்க ரையனுக்கு நியூசிலாந்து வேலையும் விசாவும் கெடைக்கச் செஞ்சீரே, உமக்கு நன்றி.”

“உமக்கு நன்றி ஆண்டவரே,” என்றார்கள் எல்லோரும். பழக்க தோஷத்தில் என் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது எனக்கு உறைத்தது.

ஆண்ட்டி கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ரையன் பக்கம் திரும்பினார்.

“அவகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னியேப்பா.”

ரையன் தலையைத் தூக்கவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. வேறு எவளும் இல்லை. அடுத்த நொடியே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எவளாவது இருந்திருந்தால் நேரே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நியூசிலாந்தைப் போய் நான் என்ன கேட்பது? ஆண்ட்டிக்குத் தெரிந்திருக்கிறது, விசா ஆபீசுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை அதோடு முடித்துவிடலாம் என்று அந்தோணிராஜ் அங்கிள் பைபிளை எடுத்தார்.

“இருங்க அங்கிள்,” என்றேன். “இன்னும் அவர் மன்றாடல.”

எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரையன் கண்ணை மூடி, கை கூப்பினார்.

“ஆண்டவரே, இங்க சம்பாதிக்கிறது பத்தல. என் குடும்பத்துக்காகத்தான் நான்…”

“ஆண்டவருக்கு முன்னாடியே தெரியும்,” என்றேன். “கண்ணத் தொறந்து என்கிட்ட சொல்லுங்க. எப்ப போறீங்க?”

ரையன் கண்ணைத் திறந்தார். கூப்பிய கையை மட்டும் இறக்கவில்லை.

“வர்ற செவ்வாய்க்கிழமை,” என்றார்.