கயிறு கட்டிய படுக்கையறை

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கடற்கரைத் தெருவில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள் நுழையலாம். பழைய வீடு பாதி, புது வீடு பாதி. அன்றைக்கு வீட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது தெருச் சங்கத்தின் சட்டம். மனிதர்கள் நடமாடினால் வீட்டின் அழகு கெட்டுவிடுமாம். வீட்டைச் சுற்றிக்காட்ட ஒப்புக்கொண்டால், வீட்டுக்கு ஒருவருக்கு மட்டும் விலக்கு. என் அத்தான் முதல் ஆளாக ஒப்புக்கொண்டார். அதனால் என் அக்கா தன் சொந்த வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. துணைக்கு நான்.

வேடிக்கை பார்க்க அவள் வரவில்லை. வியாழக்கிழமை அவள் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். அந்த வீட்டில் கடல் காற்று வருவது முன்பக்கப் படுக்கையறைக்கு மட்டும்தான். அதையோ அத்தான் வாசலில் குறுக்கே கயிறு கட்டித் தடுத்துவிட்டார். அறையை ‘அந்தக் காலத்தில் இருந்தபடியே’ வைத்திருந்தால் வாசலில் பாரம்பரிய வீடு என்று கல் பதித்துத் தருவதாகச் சங்கத் தலைவி வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவும் அத்தானும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மகளுக்குப் பின்கட்டில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. மோட்டார் சத்தத்தில் தூங்கக் குழந்தை பழகிவிடும் என்று அத்தான் சொன்ன அன்றே அக்கா இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

முதலில் ஒரு புது வீடு. சுவரெல்லாம் கண்ணாடி. அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது. கழிப்பறைக்குக் கதவு எது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் போன தொப்பிக்காரி மூன்று சுவர்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அவசரத்தை அடக்கிக்கொண்டு, “என்ன ஒரு எளிமை” என்றாள். சமையலறையில் அடுப்பு எங்கே என்று அக்கா விசாரித்தாள். மேடைக்குள் ஒளிந்திருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த அடுப்பின் மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்தது அக்கா வீடு. செருப்பின் மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். உள்ளே, முன்பக்கப் படுக்கையறை வாசலில், அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு அத்தான் நின்றிருந்தார். கையில் ஒரு பிரம்பு வேறு. கப்பல் தலைவன் ஒருவன் இந்த வீட்டைக் கட்டினானாம். அவன் மனைவி இதே கட்டிலில் உட்கார்ந்து, இதே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடியே உயிரை விட்டாளாம். தொப்பிக்காரி கைக்குட்டையை எடுத்தாள். அந்தக் கட்டிலைப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவள் நான். கடைக்காரன் சொன்னபடி பார்த்தால், அது ஒரு லாட்ஜிலிருந்து வந்தது.

அக்கா கயிற்றைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் போனாள். நீல உறைகளைக் கழற்றிப் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

அத்தானுக்குப் பக்கத்தில் சங்கத் தலைவி. எதிரே இருபது பேர். பிரம்பைக் கட்டிலை நோக்கி நீட்டி அத்தான் சொன்னார்:

“மேடம், கயித்தைத் தாண்டி வரக் கூடாது. தயவுசெஞ்சு எந்திரிங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்காவை ‘ஏய்’ என்றும் ‘இந்தா’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். மேடம் என்ற மரியாதை அன்றுதான் கிடைத்தது.

“மேடம் எந்திரிக்க மாட்டாங்க,” என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். “வியாழக்கிழமை எம் பொண்ணும் குழந்தையும் இங்கதான் படுக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க மூணு பேரும் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறோம். நீங்களும் அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டியுமா குடும்பம் நடத்துங்க.”

யாரோ கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். கப்பல் தலைவன் மனைவி இவ்வளவு பருமனாகவா இருந்தாள் என்று தொப்பிக்காரி என் காதில் கிசுகிசுத்தாள். கிழங்கு மாதிரி இருந்தாளாம் என்றேன்.

சங்கத் தலைவிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் சமாதானம் செய்து வைப்பதில் கெட்டிக்காரர்.

“குழந்தை தாராளமா இங்க இருக்கட்டுமே. அடுத்த வருஷம் இதே கட்டில்ல தாயையும் குழந்தையையும் உக்கார வச்சிடலாம். பாக்கறவங்க சொக்கிப் போயிடுவாங்க. அந்தக் காலத்து கவுன் ஒண்ணு தச்சுப் போட்டா முடிஞ்சுது.”

அத்தான் பூரித்துப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். கவுனுக்கு என்ன நிறம் என்று கேட்கக்கூடிய மனிதர். ஆனால், ஆஸ்பத்திரியில் பேத்தியை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது தம் தோளில் அவள் கக்கிய பாலைத் துடைக்காமல் அன்று முழுக்கத் திரிந்தவரும் இவர்தான். தலைவி பக்கம் திரும்பினார். முகம் கறுத்தது.

“எம் பேத்தியை டிக்கெட் போட்டுக் காட்டறதுக்கா பெத்திருக்கு? கிளம்புங்க.”

கல் கிடைக்காது என்று தலைவி ஞாபகப்படுத்தினார்.

“வேணாம். எல்லாரும் கிளம்புங்க.”

கயிற்றை அவரே அவிழ்த்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறியது. முடிவு சப்பென்று இருந்ததாகத் தொப்பிக்காரி வருத்தப்பட்டாள்.

அக்கா உருகிவிடவில்லை. கட்டிலை விட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து, விரிப்பை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். பாச்சை உருண்டை நாற்றம். உருவிச் சுருட்டி அத்தான் கையில் திணித்து, வியாழனுக்குள் துவைத்துக் காயப்போடச் சொன்னாள். அவர் கோட்டைக் கழற்றி, விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனிதர், அக்காவுக்குக் கேட்காதபடி என்னிடம் கேட்டார்:

“சோப்பு எங்கம்மா இருக்கும்?”