கடல்கன்னி வாலுக்கு வைத்த லைனிங்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சாந்த் பாஷாவின் துணிக்கடையில் நான்கு பேர் இருந்தார்கள். பாஷா வழக்கம்போல் மெத்தையில், அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு எதிரே பாயில் ஜெயக்கொடி, இரண்டு காலையும் சேர்த்து ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு. தையல்காரி கலைவாணி முக்காலியில். ஜெயக்கொடியின் அம்மா குஞ்சம்மாள் மட்டும் வாசற்படியில், தெருவைப் பார்த்தபடி. உள்ளே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதை முதுகாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடுக்க வந்தது கடல்கன்னி வாலுக்குத் துணி. தொண்டூர்க் கிணற்றில் நீச்சல் பழகிய ஜெயக்கொடி, இப்போது பாண்டிச்சேரியில் ஒரு நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கோடை விழாவில் மீன்வாலோடு நீந்திக்காட்ட யாராவது உண்டா என்று அங்கே கேட்டபோது கையைத் தூக்கிவிட்டாள். வாலை அவளேதான் கொண்டுவர வேண்டுமாம்.

"வெல்வெட்டு?" என்றார் பாஷா.

"முழுகிடுவேன் பாய்."

"சம்கி வெச்ச நெட்டு? ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் இதான் போவுது."

"தொடைய அறுத்துடும்."

"துணி எடுக்க வந்தியா, வாதாட வந்தியா?"

குஞ்சம்மாள் திரும்பாமலே சொன்னாள்: "இருவத்திமூணு வயசுல அவளவ பொடவை எடுக்க வருவா. எம்பொண்ணு வாலு எடுக்க வந்துக்கிறா."

கடைசியில் பாஷா மேல்தட்டிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். நடன உடைக்கு வரவழைத்த பச்சைத் துணி. செதில் செதிலாக அச்சு, எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்து திரும்பவும் அடங்கியது. குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீரை அதன்மேல் சாய்த்தார். தண்ணீர் உருண்டு பாயில் விழுந்தது. துணியை ஒரு உதறு உதறினார், ஈரம் போன இடம் தெரியவில்லை.

"இத்த ஒத்தையா தெச்சிக் குடும்மா வாணி. உள்ள எதுவும் வெக்காத. தண்ணிக்குப் போற துணி."

கலைவாணி தலையாட்டினாள். தலையாட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அளவு பார்க்க ஜெயக்கொடி வாலை மாட்டிக்கொண்டு நின்ற அன்றுதான் கோளாறு தொடங்கியது. இடுப்பும் தொடையும் உள்ளது உள்ளபடி தெரிந்தன. ஜெயக்கொடி கண்ணாடி முன் சிரித்துக்கொண்டிருந்தாள். கலைவாணிக்குத்தான் முகம் சுட்டது. லைனிங் இல்லாமல் கலைவாணி தைக்கமாட்டாள் என்று கடைத்தெருவில் அவளுக்கொரு பேர் உண்டு. இருபது வருஷத்துப் பேர். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பச்சைப் பருத்தி லைனிங்கை எடுத்து, இடுப்பிலிருந்து முழங்கால்வரை உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள்.

"உள்ள இன்னாக்கா இது?" என்று வாங்கிப்போக வந்தவள் கேட்டாள்.

"அது புடிமானத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமை தொண்டூரில் அவர்கள் கிணற்றில் ஒத்திகை. பார்க்கக் கலைவாணியும் போயிருந்தாள். இரண்டு பாதங்களையும் ஒரே ரப்பர் துடுப்பில் நுழைத்துக்கொண்டு ஜெயக்கொடி குதித்தாள். முதல் சுற்றில் வால் மினுங்கியது. கரையில் நின்ற குஞ்சம்மாளே வாயைப் பிளந்து பார்த்தாள். இரண்டாவது சுற்றில் முழங்கால் மடங்கவில்லை. மேல்துணி இழுபட்டது, உள்ளே இருந்த பருத்தி இழுபடாமல் தண்ணீரைக் குடித்து, காலோடு காலாக ஒட்டிக்கொண்டது. உரித்துப் போடவும் வரவில்லை. ஜெயக்கொடி ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் மாமன் விநாயகம் வேட்டியோடு குதித்துத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார்.

பெண் படிக்கட்டில் கவிழ்ந்து தண்ணீராய்க் கக்கினாள். குஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "இன்னா துணிடி இது!"

"துணி சரியில்லக்கா." யோசிக்கும் முன்பே கலைவாணியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

சரிபார்க்கிறேன் என்று வாலை வீட்டுக்கு வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு லைனிங்கைப் பிரித்தாள். வீட்டில் வேறு ஆளில்லை. ஆனாலும் சாத்தினாள்.

மறுநாள் குஞ்சம்மாள் பஸ் ஏறி வந்து, கடை நிறைய கல்யாணக் கூட்டம் இருக்கும்போது பாஷாவைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி குடிக்கிற துணிய வித்து எம்பொண்ண சாவடிக்கப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?" பாஷா நாலு கடை தள்ளியிருந்த கலைவாணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ சொல்லும்மா வாணி. தண்ணி ஊத்திக் காட்டினேனே, நீதான பாத்த?"

கலைவாணி தரையைப் பார்த்தாள். "லாட்டு மாறி வேற துணி வந்திருக்கும் பாய்."

பாஷா மிச்சத் துணியைச் சுருட்டி, யாருக்கும் வெட்டித் தராமல் பரணில் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து பாண்டியிலிருந்து ஜெயக்கொடியின் போன். "அதே அளவுல இன்னொண்ணு தெச்சுக் குடுக்கா. பாய் துணி மட்டும் வாணாம். நான் இங்கயே எடுத்து அனுப்புறேன்." இந்தத் தடவை ஒத்தையாகத் தைத்தால் போதும். வால் நன்றாக நீந்தும். நீந்திவிட்டால் பழி பாஷாமேல் கெட்டியாக உட்கார்ந்துவிடும், அப்புறம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கலைவாணிக்குப் பயமே அங்கேதான்.

மூன்று நாள் போன் செய்தாள். "சொல்லுக்கா" என்று அந்தப் பெண் சிரிப்போடு கேட்டதும், மூன்று நாளும் இவள் வாயில் வந்தது ஒன்றுதான்: "சாப்டியா?"

"இன்னாக்கா, நான் சாப்டனான்னு கேக்கத்தான் தெனம் போனா? எங்கம்மாகூட இப்டி கேக்காது."

அதனால்தான் காகிதம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி வலப்பக்கம் ஊரும் தேதியும் போட்டாள். 'தெரியாமல்' என்று எழுதி அடித்தாள். 'உன் நல்லதுக்கு' என்று எழுதி அதையும் அடித்தாள். சுத்தமாகத் திரும்ப எழுதியது இது:

"அன்புள்ள ஜெயக்கொடிக்கு, துணியில் குறை இல்லை. உள்ளே எதுவும் வைக்காதே என்று பாஷா பாய் சொன்னார். நான் லைனிங் வைத்தேன். நீ கேட்டபோது பொய் சொன்னேன். கிணற்றடியில் துணிமேல் பழி போட்டேன். பிறகு லைனிங்கைப் பிரித்து மறைத்தேன். உன் உடம்பைப் பார்த்து வெட்கப்பட்டது நான்தான். அதற்கு நீ சாகப் பார்த்தாய். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. புது வாலை வேறு ஆளிடம் கொடுத்தாலும் ஒத்தைத் துணியாகவே தைக்கச் சொல். ஒரு கையால் கழற்ற வருகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட்டுப் பிறகு இறங்கு."

உறையை ஒட்டாமல் பாஷாவிடம் எடுத்துப்போனாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"லைனிங்கு என் கடையில எடுத்ததா?"

"இல்ல பாய். பழைய பிட்டு."

"அந்த மட்டுக்கும் சரி." அவர் சிரிக்கவில்லை. "குஞ்சம்மா நாலு பேரு எதிர்ல கேட்டாங்க, டெய்லரம்மா. இது கவருக்குள்ள போவுது."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை வாணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பாயில் இரண்டு பெண்கள் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு பாய் துணியப்பத்தி சண்ட நடந்துச்சில்ல, துணிமேல தப்பில்லக்கா. தெச்ச எம்மேலதான் தப்பு."

"எந்தத் துணி? இன்னா சண்ட?" என்றாள் ஒருத்தி.

அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. கலைவாணி ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று: வால், கால், லைனிங், கிணறு, பொய். "அய்யய்யோ," என்றாள் ஒருத்தி. "லைனிங்கு எதுக்கு வெச்ச?" என்றாள் மற்றவள். அதையும் சொன்னாள். காது மடல்வரை எரிந்தது. பாஷா தலை நிமிராமல் ஏதோ துணியை அளந்துகொண்டே இருந்தார்.

தபால் ஆபீசில் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். கவுண்டரில் இருந்த தனசேகரன் வாங்கி எடை போட்டார்.

"பின்கோடுல ஒரு நம்பர் விட்டுட்டீங்க."

கலைவாணி விட்ட எண்ணை எழுதினாள். அவர் ஸ்பீடு போஸ்ட் சீட்டை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த பையில் போட்டார்.

"நாளைக்குப் பாண்டில குடுத்துடுவாங்க. அடுத்தது யாரு?"