எண்பதாம் நம்பர் நூல்

மூன்றாம் வகுப்பில் பரீனா ஒருத்திதான் முனவ்வறா ரீச்சருக்குத் தண்ணி காட்டினாள். ஏழும் ஒன்பதும் கொடுத்தால் ஒன்பது பெரிது என்பாள். இருபதும் எண்பதும் கொடுத்தால், யோசிக்கவே மாட்டாள், இருபதுதான் பெரிது. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னால் எண்பது, அறுபது, நாற்பது, இருபது என்று அழகான கையெழுத்தில் தலைகீழாக எழுதி நீட்டுவாள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. அதிபர் ஸைனுலாப்தீன் கறாரான மனிதர். வியாழக்கிழமை தானே வந்து கேட்பதாகவும், வரிசை தெரியாத பிள்ளை மறுபடி இரண்டாம் வகுப்பில் குந்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பரீனாவின் உம்மா சரீபா, மருதமுனையில் இரண்டு தறி வைத்து நெய்கிறவள், அதற்கும் மேலே போனாள். பிள்ளையைக் கீழே இறக்கினால் பள்ளிக்கூடமே வேண்டாம், வீட்டில் நூல் சுற்றட்டும் என்று சொல்லியனுப்பினாள்.

முனவ்வறாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாய்ந்தமருதிலிருந்து தினம் பஸ்ஸில் இடிபட்டு வருவது பிள்ளையை இராட்டையிடம் கொடுக்கவா? தன் வகுப்புப் பிள்ளை ஒன்றும் கீழே போகாது என்று அதிபரிடம் அடித்துச் சொன்னாள். புளியங்கொட்டை பரப்பினாள், ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டினாள். கொட்டையை எண்ணும்போது எல்லாம் சரி. கரும்பலகையில் எண்பதைக் கண்டதும் பிள்ளை பழையபடி கவிழ்ந்தாள்.

புதன் பின்னேரம், சரீபாவை ஒரு கை பார்ப்பதென்று வீட்டுக்கே போனாள் ரீச்சர். சண்டை தொடங்குமுன், தறியிலிருந்தபடியே சரீபா மகளிடம் நாற்பதாம் நம்பர் நூல் கேட்டாள். மூன்று வயதிலிருந்து நூல் எடுத்துக்கொடுத்துப் பழகியவள் பரீனா, பார்க்காமலே எடுத்துவந்தாள். மெல்லிய நூல் எது என்று ரீச்சர் சும்மா கேட்டுவைத்தாள்.

“எண்பது, ரீச்சர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இருபதுதான் நல்லாத் தடிப்பு.”

யா அல்லாஹ்! ரீச்சர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாகப் பிள்ளை தறிவீட்டு வரிசையை எழுதியிருக்கிறாள், நானோ சிவப்புப் பேனையால் கீறிக் கீறித் தள்ளியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். இதுகூடத் தெரியாமல் எப்படி ரீச்சரானீர்கள் என்கிற பார்வையோடு, ஒரு இறாத்தல் நிறைக்கு, ஒரே நீளத்தில் சுற்றிய நூல்கழி எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர் என்றாள் சரீபா.

நாற்பதாம் நம்பரிலும் எண்பதாம் நம்பரிலும் ஒவ்வொரு இறாத்தல் கட்டு இறங்கியது. பரீனா பாயில் பரப்பி எண்ணினாள். தடித்த நூல் நாற்பது கழியோடு முடிந்தது. மெல்லிய நூல் முடிகிறபாடாயில்லை. எழுபத்தொன்பது, எண்பது என்று கடைசிக் கழியை வைத்தபோது பிள்ளையின் வாய் திறந்தே இருந்தது.

மறுநாள், இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்திருக்கும் மண்டபத்தில் அதிபர் வந்து நின்றார். பரீனா இருபதிலிருந்து எண்பதுவரை பிசகாமல் அடுக்கினாள். ரீச்சர் பாடமாக்கிக் கொடுத்திருப்பாளென்று அவருக்குச் சந்தேகம். நூறா நூற்றிருபதா, எது பெரிது, ஏன் என்று மடக்கினார்.

“நூத்தியிருவது நூல நான் கண்டதில்ல, சேர். ஆனா இறாத்தலுக்கு இருவது கழி கூட வரணும். அதுதான் பெரிசு.”

அதிபருக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ரீச்சரைப் பார்த்தார். பிள்ளையிடமே கேளுங்கள் என்றுவிட்டாள் அவள். பரீனா கையை ஆட்டி ஆட்டி, கழியையும் இறாத்தலையும் அவர் தலையாட்டும்வரை விளங்கப்படுத்தினாள். பிறகு யாரும் சொல்லக் காத்திராமல் நடந்துபோய், மூன்றாம் வகுப்பு முன்வாங்கில் குந்தினாள். எழும்பச் சொல்லாமல் அதிபர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.