ரெண்டாவது லென்ஸ்

வேலை போவதற்கு ஒரு வாரம் இருந்தது. கண்ணாடிக்காரர் சாப்பிட்டுக்கொண்டே "விட்ச்" என்றார்.

"தப்பு," என்றாள் மனைவி. "டேஷ் இஸ் யுவர் நேம். அதுக்குப் போய் யாராவது விட்ச் போடுவாங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். கடை விமான நிலையத்துக்குள் இடம் மாறுகிறது. இங்கிலீஷில் பரிசோதிக்கத் தெரிந்தால் அங்கே வேலை. தெரியாவிட்டால் வீடு. வெள்ளிக்கிழமை முதலாளியே நாற்காலியில் உட்காருவார். மதிப்பெண் போடப்போவது முதலாளியின் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு ஒரு நண்பர் உண்டு. நண்பருக்கு வேலை இல்லை. மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மனைவி டுடோரியலில் இங்கிலீஷ் டீச்சர்.

"கேளுங்க. கண்ணு முன்னாடி நாலு சாமான் இருக்கு, அதுல ஒண்ணைப் பொறுக்கணும். அப்போ விட்ச். முன்னாடி ஒண்ணுமே இல்ல, மொட்டையா கேக்கறீங்க. அப்போ வாட். புரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு புரிஞ்சுது."

"டேஷ் கலர் டூ யூ வாண்ட், ரெட் ஆர் ப்ளூ? வாட்டா, விட்சா?"

"விட்ச்."

"அப்பாடா. டேஷ் ஹேப்பன்ட்? வாட்டா, விட்சா?"

"விட்ச்."

அடுத்தடுத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் விட்ச். அவளுக்குப் பொறி தட்டியது. "விட்சா, வாட்டா?" என்று மாற்றிப் போட்டாள்.

"வாட்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, நான் எதைக் கடைசியா சொல்றேனோ அதையே திருப்பிச் சொல்றீங்க."

"ரெண்டாவதுதானேம்மா சரியா இருக்கும்?"

"யார் சொன்னா?"

முதலாளி சொல்லியிருந்தார். லென்ஸ் மாட்டி 'இதுவா, அதுவா' என்று கேட்கும்போது, சரியென்று தோன்றுவதை இரண்டாவதாக மாட்டு. வந்தவர் குழம்பாமல் 'ரெண்டாவது' என்பார். எழுந்துபோவார். அடுத்த ஆள் உட்காரலாம். கடையில் சேர்ந்த நாள்முதல் கண்ணாடிக்காரர் அப்படித்தான் மாட்டினார். மாட்டி மாட்டி, அது அவர் மண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது.

"விளங்கிடும். கல்யாணத்துக்கு எத்தனை பொண்ணு பார்த்தீங்க?"

"ரெண்டு."

"நான்?"

அவர் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு அவள் ஜோடி போட்டுக் கேட்பதை நிறுத்தினாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, "இது சரியா?" என்பாள். சாய்ந்துகொள்ள இன்னொன்று இல்லாததால் மனிதர் யோசித்தார். யோசித்ததும் வந்தது.

வெள்ளிக்கிழமை.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். லென்ஸ் மாட்டும் வெற்றுப் பிரேம் அவர் மூக்கில் ஏறியது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. பக்கத்தில் மாப்பிள்ளை, பேனாவோடு.

"நான் எழுதிக் குடுத்ததை மட்டும்தான் கேக்கணும். ஒரு வார்த்தை மாறினாலும் பெயில்."

கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். "விட்ச் இஸ் பெட்டர், சார்? ஒன் ஆர் டூ?"

"டூ," என்றார் முதலாளி.

லென்ஸ் மாறியது. "டூ." மறுபடி மாறியது. "டூ."

கண்ணாடிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. கழற்றிய லென்ஸையே துடைத்து, திரும்ப மாட்டினார். "ஒன் ஆர் டூ?"

"டூ. மச் பெட்டர்."

இத்தனை வருடமும் முதலாளியின் கண்ணைப் பார்த்தவர்கள் எல்லாம் அவரே பழக்கிவிட்ட ஆட்கள். அவர்கள் இரண்டாவதாக மாட்டினார்கள்; அவர் இரண்டாவது என்றார்.

இப்படியே முடித்தால் பாஸ். ஆனால் முதலாளி தினமும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தானே கார் ஓட்டி வருகிறவர்.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைத் தட்டில் போட்டார். பிரேமில் ஒன்று மட்டும் இருந்தது.

"வாட் டூ யூ சீ, சார்?"

மாப்பிள்ளை துள்ளினார். "அது நான் குடுத்ததுல இல்லியே! பெயில்!"

முதலாளி வாயைத் திறந்தார். மூடினார். பொறுக்குவதற்கு எதுவும் இல்லை.

"கடைசி வரி, சார். வாட் டூ யூ சீ?"

"பூச்சி மாதிரி ஏதோ."

"அதுக்கு மேல?"

"பூச்சி."

"அதுக்கும் மேல?"

முதலாளி முன்னால் சாய்ந்தார். "பெரிய பூச்சி."

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, அதே கேள்வியைக் கேட்டார். பூச்சிகள் மெல்ல எழுத்தாயின. கடைசி வரியை முதலாளி தடங்கலில்லாமல் வாசித்தார். பிறகு பிரேமைக் கழற்றாமலே திரும்பினார். அலமாரித் தூசியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்ள, நான் முழிச்சுட்டிருந்தப்போ சிரிச்சீங்களா?"

"சேச்சே, இல்ல மாமா."

"இப்பவும் சிரிக்கறீங்க."

மாப்பிள்ளை முகத்தைச் சரிசெய்தார். "எது எப்படியோ மாமா, பெயில் போட்டாச்சு. ரூல்னா ரூல்தான்."

"தாராளமா போடுங்க." முதலாளி கண்ணாடிக்காரர் பக்கம் கையை நீட்டினார். அதில் கார் சாவி இருந்தது. "யோவ், ஏர்போர்ட் கடைக்கு நீ வா. இங்கிலீஷை மெதுவா பார்த்துக்கலாம். இப்போ வண்டியை எடு, புள்ளைங்களைக் கூப்பிடப் போகணும். நான் ஓட்ட மாட்டேன்."

கண்ணாடிக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைத் தமிழிலேயே சொன்னார்.

சாவி மாப்பிள்ளைக்குப் போனது.