வீசிக் கட்டிய பந்தயம்

மூன்று வாரமாக லூனிங்னிங்குக்கு அந்தப் பந்தின் மேல்தான் பைத்தியம். பாசிக் நகரில் ஒரு கட்டடத்தின் பதினெட்டாவது மாடியில் இருந்த அவளுடைய சின்னக் கம்பெனி, கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டுகிற ஆப் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், விரல் பட்டால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. 'பந்தயம் கட்டு' என்ற பட்டனைத் தூக்கிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பந்தை வைத்திருந்தாள். கட்டைவிரலால் மேலே தள்ளினால் பந்து துள்ளிப் போய்க் கூடையில் விழும், பந்தயம் பதிவாகிவிடும். ஒரு நாளைக்கு நூறு தடவை தானே தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

முதலாளி வெண்டலுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் திங்கட்கிழமைக்குள் நிஜ மனிதர்கள் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு மொபைல்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பக்கத்து நகரமான மரிகினாவில் ஒரு பேட்டைக் கூடைப்பந்து மைதானத்துக்குப் போனாள். வட்டார லீக்கின் இறுதி ஆட்டம். தகரக் கூரைக்குக் கீழே நிற்க இடமில்லை. காசு கிடையாது, வெறும் பாயிண்ட்தான், அதிகம் ஜெயிப்பவருக்கு ஐந்து கிலோ அரிசி என்று அவள் சொன்னதும் ஆறு மொபைலுக்கு முப்பது கைகள் நீண்டன. முன்வரிசை ஓரத்தில் சர்க்கரை பூசிய வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த புரீத்தா, சட்டியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து முதல் மொபைலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பந்தத் தூக்கிக் கூடையில போடணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்க்கா. விரலால."

கடைசிச் சொல் கூச்சலில் கரைந்துவிட்டது.

ஆட்டம் முடிய எட்டு விநாடி இருக்கும்போது உள்ளூர் அணி ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. அந்த அணியில் புட்சோய் என்ற தடியனுக்கு, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தன. முதலாவதைப் போடுவானா, தவற விடுவானா என்று திரை கேட்டது. புரீத்தா 'விடுவான்' என்பதைத் தொட்டாள், எழுந்து நின்றாள், கையை ஓங்கி மொபைலையே வீசினாள். அது ஒலிபெருக்கிக்காரரின் தலைக்கு மேலாகப் பறந்து, தரையில் சறுக்கி, புட்சோயின் காலடியில் போய் நின்றது.

நடுவர் விசில் ஊதினார். பிறகு கூரை அதிரச் சிரிப்பு. லூனிங்னிங் தோள்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

புட்சோய் மொபைலை எடுத்துப் பார்த்தான். திரை உயிரோடுதான் இருந்தது; வீசும்போது கட்டைவிரல் உரசிப் பந்தயமும் பதிவாகியிருந்தது. புரீத்தா, இருநூறு பாயிண்ட், விடுவான். புரீத்தா அவனுடைய மாமியார்.

"அத்தே, நான் விட்டுருவேன்னா கட்டியிருக்கீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒன்னப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன் மாப்ள. என்னிக்குப் போட்டிருக்க?"

நடுவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. மொபைலை வாங்கிக் கூட்டத்துக்குள் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். புட்சோய் மாமியாரையே முறைத்தபடி முதல் பந்தைப் போட்டான். உள்ளே. இரண்டாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது; உள்ளூர் அணி ஒரு பாயிண்ட் முந்திவிட்டது.

இருநூறு பாயிண்டையும் தொலைத்த புரீத்தா, "எம் மாப்ளடா" என்று கத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆளைத் தூக்கியே விட்டாள். லூனிங்னிங்கும் யார் யாரையோ கட்டிக்கொண்டு குதித்தாள். குதித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள்: ஒருவர்கூட மொபைலைப் பார்க்கவில்லை. பந்தய முடிவு வந்ததும் திரையில் வர அவள் அமைத்திருந்த தங்கக் காசு மழையும் எக்காளமும் 'அடுத்த பந்தயம்' என்ற மின்னலும் மூடிய உள்ளங்கைகளுக்குள் பார்க்க ஆளில்லாமல் நடந்துகொண்டிருந்தன. எல்லோரையும் குதிக்க வைத்தது ஆட்டம்தான்; அதில் அவளுக்குத் தலைகொள்ளாத சந்தோஷம்.

அரிசியை ஒரு டிரைசிக்கிள்காரர் ஜெயித்துக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தாள். பந்து போனது. வெறும் பட்டன், அழுத்திப் பிடிக்க வேண்டும், மனம் மாறினால் விரலை எடுத்துவிடலாம். பந்தயம் பதிவானதும் திரை இருண்டுவிடும். நடுவில் 'நிமிர்ந்து பார்' என்று இரண்டே சொற்கள்.

திங்கட்கிழமை வெண்டலின் முகமும் இருண்டது. "தெரைய அணைச்சுட்டா அடுத்த பந்தயத்த எப்பம்மா கட்டுவான்?"

"ஆட்டத்தப் பாக்கட்டும் சார். பாத்துட்டுத் தோணுச்சுன்னா கட்டட்டும்."

அவள், மைதானத்தில் ஓரமாக நிறுத்தி வைத்த கேமராவில் எடுத்திருந்த வீடியோவைச் சுவரில் ஓடவிட்டு, புட்சோய் கோட்டில் வந்து நின்றதும் நிறுத்தி, எல்லோரையும் புதுத் திரையில் பந்தயம் கட்டச் சொன்னாள். அறையில் அவளைத் தவிர ஒன்பது பேர். முடிவு எவருக்கும் தெரியாது. ஒன்பது கட்டைவிரல்கள் அழுத்தின, ஒன்பது திரைகள் இருண்டன, ஒன்பது தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது பந்து வளையத்தைச் சுற்றத் தொடங்கியபோது வெண்டல் நாற்காலி மேல் ஏறி நின்று, "விழு, விழு, விழுந்து தொல" என்று அலறிக்கொண்டிருந்தார்.

சரி என்று அவர் வாயால் சொல்லவேயில்லை. மறுநாள் வந்த வேலைப் பட்டியலில் இருண்ட திரை இருந்தது. கூடவே, காசு மழை மட்டும் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். லூனிங்னிங் ஒரே ஒரு காசை வரைந்து கொடுத்தாள்.