பெண்ணைப் பெற்றவள் நிற்குமிடம்

"ஊர்ல கல்யாணத்தன்னைக்கு டெல்சிக்க சித்தி அம்மா ஸ்தானத்துல நிக்கட்டு. அவங்க டீச்சரு. பாக்குறவங்களுக்கும் மரியாதையா இருக்கும்" என்றார் பத்திநாதன். "நீங்க வரவே வேண்டாம்னு நாங்க சொல்லல்ல. வாங்க, சாப்பிடுங்க. கோயில்ல மட்டும் பின்னால எங்கயாவது இருந்துக்கிடுங்க."

அவர் இதைச் சொன்னது மணப்பெண்ணைப் பெற்றவளிடம்.

ரெஜினாள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சோபாவில் இடம் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அற்புதராணிக்கு அவளை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. ரெஜினாள் மகளைப் பார்த்தாள். நாற்காலி நுனியில் இருந்த டெல்சி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள் ரெஜினாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், அபுதாபியில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல். பூசை முடிந்து எல்லோரும் கிளிட்டஸின் ஃபிளாட்டுக்கு வந்திருந்தார்கள். கிளிட்டஸ் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அவன் தம்பி ஜெனிஷுக்கும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் டெல்சிக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டு குடும்பமும் குளச்சல் பக்கத்துக் கடற்கரை. ஒரே சாதி. மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. டெல்சியின் அம்மா ஒரு கத்தாமா. அரபி வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண்ணை வளைகுடாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

டெல்சி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரெஜினாள் விமானம் ஏறினாள். முதலில் குவைத், பிறகு அபுதாபி. அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, தன் பிள்ளையைப் படிக்கவைத்தாள். ஊர் அதைப் பார்க்கவில்லை. "அரபி வீட்டுல தனியா கெடந்தவல்லா..." என்று இழுத்தது. சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த இழுப்பில் இருந்தது.

பத்திநாதன் அற்புதராணியின் அண்ணன். அந்தக் கரையிலிருந்து முதன்முதலில் வளைகுடாவுக்கு வந்தவர். இன்று முசஃபாவில் ஒரு வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வந்த புதிதில் அவரும் ஓர் அரபி வீட்டில் கார் கழுவிக்கொண்டுதான் இருந்தார். அவர் தனியாகக் கிடந்ததைப் பற்றி ஊர் ஒரு நாளும் இழுத்துப் பேசியதில்லை.

"மனசுல ஒண்ணும் வைக்கப்பிடாது" என்றாள் அற்புதராணி. "எங்களுக்கும் ஒரு நெலம இருக்குல்லா. எனக்க மூத்த மருமவ யாரு? ஸ்லோவேனியாக்காரி. அவளுக்க குடும்பம் அந்தக் காலத்துலயே எகிப்துல பங்களாவுல இருந்தவங்க. ஊர்ல எங்களுக்கு அப்படி ஒரு பேரு இருக்கும்போ, இளைய சம்பந்தி கத்தாமான்னா நல்லாவா இருக்கும்?"

தேநீர்த் தட்டோடு வந்த அலென்கா அப்படியே நின்றாள்.

அவள்தான் அந்த மூத்த மருமகள், கிளிட்டஸின் மனைவி. பிசியோதெரபிஸ்டாக அபுதாபிக்கு வந்தவள். கணவனின் கடற்கரைத் தமிழைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்றிருந்தாள். இலக்கணம் அவ்வப்போது சறுக்கும், சொல்ல வந்தது சறுக்காது. கல்யாணமான புதிதில், தன் அம்மாவைப் பெற்றவள் எகிப்தில் இருந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியம் அற்புதராணியின் வாயில் வளர்ந்து பங்களாவாகிவிட்டது. வெள்ளைக்கார மருமகளுக்குப் பங்களா பொருத்தமாகவே இருந்ததால் ஊரும் நம்பிவிட்டது.

அலென்கா தட்டை மேசையில் வைத்தாள். முதல் கோப்பையை எடுத்து ரெஜினாளின் கையில் கொடுத்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"மாமி, பங்களா உண்மை. ஆனா அது எங்களுக்க பங்களா இல்ல. எனக்க அம்மம்மா அங்க கத்தாமா."

"அலென்கா..." என்றான் கிளிட்டஸ் மெல்ல. அவனுக்கு இது தெரியும். அம்மாவைத் திருத்த இத்தனை வருடமும் அவனுக்குத் துணிவு வரவில்லை.

"நான் சொல்லணும். அம்மம்மா பால் குடுக்கப் போனா மாமி. அவளுக்க பிள்ளைக்கு இல்ல. பணக்காரங்க பிள்ளைக்கு."

ஸ்லோவேனியாவில் இத்தாலி எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கு அது. முதல் உலகப் போர் அங்கே வீடுகளை இடித்துப் போட்டிருந்தது. ஆண்களுக்கு வேலை இல்லை. வருடக்கணக்காகப் பெண்கள் கப்பலேறி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போனார்கள். முப்பதுகளின் கடைசியில் அலென்காவின் அம்மம்மா ஸ்தெஃபானியாவும் போனாள், பால் மறக்காத மகள் மிலேனாவை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு. வழியெல்லாம் மார் கட்டி, சட்டை நனைந்துகொண்டே இருந்ததாம். போய் இறங்கி ஒரு வியாபாரியின் மகனுக்கு அந்தப் பாலைக் கொடுத்தாள். மிலேனா ஊரில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தாள். நடுவில் இரண்டாம் போர் வந்து கடல்வழியை அடைத்தது. எல்லாம் ஓய்ந்து அவள் திரும்பி வந்தபோது, மகள் அத்தையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் இந்தப் பொம்பளை என்று கேட்டாள். அவள் சம்பாத்தியத்தில் கூரை போட்டுக்கொண்ட வீட்டில்கூட அவளுக்குப் பெயர் போயிற்று. அலெக்சாந்திரியாக்காரி என்றார்கள். அந்த மொழியிலும் அதை இழுத்துத்தான் சொன்னார்கள்.

"எனக்க அம்மாக்கு கல்யாணம் வந்துது" என்றாள் அலென்கா. இப்போது அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, டெல்சியைப் பார்த்தாள். "மாப்பிள்ள வீட்டுல சொன்னாங்க, அலெக்சாந்திரியாக்காரி முன்னால நிக்கக் கூடாது, அத்த நிக்கட்டு. எனக்க அம்மா சரி சொன்னா. ஒரு மணி நேரந்தானேன்னு சொன்னா. அம்மம்மாவும் சரி சொன்னா. பின்னால போய் இருந்தா. கல்யாணப் போட்டோவுல அவ இல்ல."

அலென்கா மேசையில் ஓர் இடத்தை விரலால் தொட்டாள்.

"எனக்க அம்மாக்கு வயசாச்சு. அந்தப் போட்டோவ மடியில வச்சுட்டு ஒரு எடத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுவா. 'இங்க எங்கம்மா நிக்கணும்'னு சொல்லுவா. வேற ஒண்ணும் பேச மாட்டா. அம்மம்மா அப்போ செத்தாச்சு. யாருட்ட மன்னிப்பு கேக்க?"

ஒரு மணி நேரந்தானேம்மா என்று முந்தின நாள் போனில் டெல்சியும் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

பத்திநாதன் தொண்டையைச் செருமினார். "செரி, நடந்தது நடந்துபோச்சு. இத ஊர்ல யாருட்டயும் சொல்லாண்டாம் மருமவளே. பங்களான்னே இருக்கட்டு."

"சொல்லுவேன் மாமா. யார் கேட்டாலும் சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லுவேன்."

அற்புதராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா வேர்வையா என்று தெரியவில்லை.

டெல்சி எழுந்தாள். சமையலறை வாசலுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு அம்மாதான் உண்டு. அவங்க முன்னால நிக்காத கோயில்ல நானும் நிக்க மாட்டேன். ஜெனிஷ், நீ சொல்லு."

ஜெனிஷ் தன் அம்மாவைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். "கொஞ்சம் டைம் குடு டெல்சி..." என்றான்.

"எடுத்துக்க. வாங்கம்மா, போலாம்."

"இரு பிள்ளே" என்றாள் ரெஜினாள். அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அத்தனை பேரும் பார்த்திருக்க, கையிலிருந்த தேநீரை அவசரப்படாமல் குடித்து முடித்தாள். அதன் பிறகுதான் எழுந்தாள். அலென்கா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கிப் போனாள்.

விசிட் விசா முடிந்து அற்புதராணி ஊர் திரும்பினாள். போகும்வரை மூத்த மருமகளோடு பேசவில்லை. அலென்கா அதற்காகக் கதையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அடுத்த பூசைக்குப் பிறகு தமிழ்ப் பெண்கள் கூடி நின்ற இடத்தில், எகிப்து பங்களாவைப் பற்றி ஒருத்தி கேட்டபோது, முழுவதையும் சொன்னாள். கேட்டவர்களில் இரண்டு பேர் அரபி வீடுகளில் வேலைக்கு நிற்பவர்கள். அவர்கள் அன்று முதல்முறையாகக் கூட்டத்துக்குள் வந்து நின்றார்கள்.

ஜெனிஷ் வார்டுக்கு வெளியே டெல்சிக்காகக் காத்திருந்தான், பலமுறை. கடைசியில் ஒரு நாள் அவள் நின்று பேசினாள்.

"என்னட்ட கேக்காத. எனக்க அம்மாட்ட போய்க் கேளு."

காலிதியாவில் ரெஜினாள் வேலை செய்யும் வில்லாவுக்கு அவன் போனான். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. ரெஜினாள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் வெயிலில் நின்றான்.

"மாமி, கல்யாணத்த இங்கயே வைச்சுக்கிடலாம். நீங்கதான் டெல்சிய கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்."

"ஒங்க அம்மாட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு." அவன் தலை குனிந்தது. "நீங்க முன்னால நின்னா அவங்க வர மாட்டாங்களாம்."

ரெஜினாள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"வரட்டு, வராம இருக்கட்டு. முன்வரிசையில எனக்குப் பக்கத்துல அவங்களுக்கு ஒரு எடம் போட்டு வைப்பேன். கடைசி வர அது காலியாவே கெடந்தாலும் செரி, மாப்பிள்ளைக்க அம்மான்னு சொல்லி வேற ஒருத்திய அதுல இருத்த மாட்டேன்."