ஹமீதாவுக்கு மட்டும் மணத்தது

போன நவம்பரின் மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முசலிப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த கலந்தரின் சட்டையில் நாலாயிரத்துப் பன்னிரண்டு அந்துப்பூச்சிகள் இருந்தன. முற்றத்தில் நிற்கவைத்து எண்ணியவர் பாங்கு சொல்லும் மோதினார். சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் தகப்பன்மார் அவை, அத்தனையும் ஆண் என்று சொன்னவள் றொஷேல், விடத்தல்தீவிலிருந்து ஸ்கூட்டியில் வரும் விவசாயப் போதனாசிரியை. அதைக் கேட்ட கலந்தரின் மனைவி ஹமீதா வேறு கணக்குப் போட்டாள். ஆண் மொய்க்கிறது என்றால் அங்கே ஒரு பெண்ணின் வாசம் இருக்கவேண்டும். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுடைய வாசத்துக்கு ஒரு ஈகூட வந்து அவரில் இருந்ததில்லை.

றொஷேல் வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்து விளக்கினாள். "அந்து பிடிக்கிற பொறிக்குள்ள வைக்கக் குடுத்த குப்பியை அண்ணை அத்தர் எண்டு பூசிப்போட்டார் அக்கா. அது பெண் அந்தின்ர மணம். ஆணின்ர உணர்கொம்பு மயிரில ஒரு புரதம் இருக்கு, பூட்டு மாதிரி. இந்த மூலக்கூறுதான் அதுக்குத் திறப்பு. எங்கட மூக்கில அந்தப் பூட்டே இல்லை, எங்களுக்கு மணக்காது."

"மணக்காத அத்தரை ஏன் பூசினவர்?" என்று ஹமீதா கேட்டாள். குப்பி அலுமாரியில் அத்தரோடு இருந்தது, தனக்குத் தடிமன் என்றார் கலந்தர். அவர் மூக்கை உறிஞ்சியதாக ஹமீதாவுக்கு ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் அவருடைய சட்டையை மோந்து பார்த்தாள். றொஷேல் வந்துபோன நாட்களில் ஸ்கூட்டியின் இருக்கையையும் விட்டுவைக்கவில்லை. கலந்தர் அந்து விழாமல் சோற்றுப் பீங்கானைக் கையால் மூடிக்கொண்டு சோறு தின்னப் பழகினார். அந்துகள் எல்லாம் அவரிலேயே குடியிருந்ததால் ஊரில் ஒரு சோளக் குருத்திலும் புழு விழவில்லை. ஆனாலும் பக்கத்துக் காணிக்காரர்கள் அவருக்குச் சலாம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். இருபத்துமூன்றாம் நாள் ஹமீதாவுக்கு மணம் வந்தது. வெட்டிய புல்லைத் தகரப் பேணிக்குள் மூடிவைத்தது போன்ற ஒன்று. வேர்வையும் இல்லை, றொஷேலின் பவுடரும் இல்லை. அப்படியென்றால் மூன்றாமவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வந்த பதினேழு நாளும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நாற்பத்தோராம் நாள் அந்துகள் ஒன்றாக எழும்பிப் போயின. சட்டையில் மணமும் இல்லை. கள்ளத்தை மறைக்கக் கழுவிவிட்டார் என்று முடிவுகட்டிய ஹமீதா உடுப்பை அடுக்கிக்கொண்டு புத்தளத்தில் இருக்கும் கூடப்பிறந்த நானா வீட்டுக்குப் போக பஸ் தரிப்பில் வந்து நின்றாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது காற்று வயல் பக்கமிருந்து அடித்தது. அதே மணம், ஆனால் ஆயிரம் இடத்திலிருந்து, அவர்களுடைய இரண்டு ஏக்கர் சோளத்துக்குள்ளிருந்து வந்தது. ஒரு மனுசி அவ்வளவு இடத்தில் நிற்க முடியாது. பஸ்ஸைப் போகவிட்டு அவள் பையோடு வயலுக்கு நடந்தாள்.

"இண்டைக்கு முட்டை போடப்போகுதுகள், வாங்க," என்று வயலில் நின்ற கலந்தரிடம் சொன்னாள். அவள் மோந்து காட்டிய இலையைக் கலந்தர் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த பெண் அந்தை நசுக்கினார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும் வரை நசுக்கினார்கள். பயிர் தப்பியது. மனிதருக்கு அந்த மணத்துக்கான பூட்டு இல்லை என்று தன் பதிவேட்டில் எழுதியிருந்ததை றொஷேல் வெட்டி, முசலியில் ஒருவருக்கு உண்டு என்று திருத்தினாள்.

வரப்பில் கைகழுவும்போது ஹமீதா சொன்னாள்: "இனிப் பொய் சொன்னாலும் எனக்கு மணக்கும்."

கலந்தர் அதை நம்பினார். இப்போது வீட்டுக்கு வந்ததும், அவள் கேட்கும் முன்னமே, எங்கே போனார், யாரோடு தேத்தண்ணி குடித்தார் என்று எல்லாம் சொல்லிவிடுகிறார். ஹமீதா மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டு "ஓம்" என்பாள். ஒன்றும் சொல்லாமல் சோறு போடும் நாட்களில் கலந்தர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்.